பூர்வீகம் என்ற கட்டம்

துரோதோஸ் மலைச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்,
பன்னிரண்டு குளிர்காலமாக.
விடிய நாலு மணிக்கு உப்புக் கிடங்கைத் திறப்பவள் நான்,
இரவில் பூட்டுபவளும் நானே.
தெஸ்பூல்லா என்று வண்டிக் கதவில் எழுதியிருக்கிறது.
சறுக்கி விளையாட வரும் நிக்கோசியாக்காரர்கள்
அது வண்டியின் பெயர் என்று நினைக்கிறார்கள்.
நினைக்கட்டும்.

பூவைப் பற்றிச் சொல்ல வந்தேன்.
குங்குமப்பூவுக்குப் பங்காளி,
ஆனால் சொத்தில் பங்கு கிடைக்காத பங்காளி.
பாலில் போட்டால் பால் பாலாகவே இருக்கும்.
அடியில் மை சிந்திய வெள்ளை,
தொண்டையில் மஞ்சள்,
என் சுண்டுவிரல் உயரம்.
பனி உருகி முடியும்வரை பொறுக்காது,
உருகும் ஓரத்திலேயே
ஈரச் சேற்றைக் குத்திக்கொண்டு வந்துவிடும்.
இந்தத் தீவின் இந்த மலையைத் தவிர
உலகில் வேறெங்கும் இல்லையாம்.

முந்தைய ஜனவரிக்கு முந்தைய ஜனவரி,
மூடுபனி,
ஹியோனிஸ்த்ராவுக்குக் கீழே மூன்றாம் வளைவு.
தாரை விட்டு இறங்கியது கத்தி.
சத்தம் மாறியதும் தெரிந்தது,
பனியைச் சீவும் சத்தமல்ல அது,
மண்ணின் பல் நறநறப்பது.
நிறுத்தவில்லை.
பின்னால் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

கத்தியில் அப்பிய மண்ணைக்
கிடங்கின் பின்புறம் கடப்பாரையால் தட்டி உதிர்த்தேன்.
கறுப்புப் பைன் ஊசிகள், பச்சைக் கல்,
கொண்டைக்கடலை அளவில் ஏதோ கிழங்குகள்.
டீசல் தொட்டியோரம் காலால் ஒதுக்கிவிட்டுத்
தூங்கப் போனேன்.

இந்தப் பிப்ரவரியில்,
காங்கிரீட் வெடிப்பில்,
பதினொன்று.

வனத்துறையிலிருந்து க்ளேவூலோஸ் வந்தான்
பூக்களை எண்ணுவதற்கு.
மண்டியிட்டான். முழங்காலில் டீசல் கறை.
மிக அருகில் இருக்கும் கூட்டமே
நாலு கிலோமீட்டர் மேலே என்றான்.
எறும்பு இழுத்து வந்திருக்குமோ?
வெள்ளமோ? ஆடோ?
நாலு கிலோமீட்டர் நடந்த எறும்பை நினைத்து
காப்பி புரையேறியது எனக்கு.
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
பூர்வீகம்.
பேனா அதன் மேலே நின்றுகொண்டே இருந்தது.

என் பணப்பையில் ஒரு அட்டை உண்டு.
அதிலும் அந்தக் கட்டம்.
லபிதோஸ் என்று போட்டிருக்கிறது, அப்பா வழியில்.
நான் பிறந்தது லிமசோல் ஆஸ்பத்திரியில்,
எழுபத்து நாலுக்கு ஏழு வருடம் கழித்து.
லபிதோஸில் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை.
கோடு திறந்த பிறகு ஒரே ஒருமுறை போனேன்.
காருக்குத் தனிக் காப்பீடு, இருபது யூரோ.
அந்த வீட்டில் இருந்த பெண்
எலுமிச்சம்பழம் நாலைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள்.
அவளும் எங்கிருந்தோ லாரியில் ஏற்றி இறக்கப்பட்டவள்.
பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தெரியவில்லை, என்று எழுதினான் க்ளேவூலோஸ்.
பிறகு அதை அடித்துவிட்டு,
இங்கேயே, என்று எழுதினான்.
பிறகு அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்றால்
இவை என்னைத்தான் நினைக்க வேண்டும்.
இரண்டு குளிர்காலமாக
என் மண்வெட்டியிலிருந்து சிந்திய உப்பு முழுவதும்
இவற்றின் தலையில்தான்.
வாழவும் வாழ்ந்திருக்கின்றன, என்ன செய்ய.

அன்றிரவு மறுபடி பனி.
முற்றத்தை நான் தள்ளவில்லை.
வண்டி எப்படி வெளியே போகும் என்று
வானொலியில் கத்தினார் யாகோவிஸ்.
பின்னோக்கி எடுத்தேன்,
தொட்டியிலிருந்து ஒரு முழம் விலகி,
திருப்பி, முன்னே வந்து, மறுபடி திருப்பி,
ஒன்பது தடவை,
மலை முழுக்கக் கேட்கும்படி பீப் பீப் பீப் என்று.
கண்ணாடியில் பார்த்தேன்.
குளிருக்கு இதழ் மூடி,
ஏற்றிவைக்காத மெழுகுத் திரிகளைப் போல
பத்துதான் தெரிந்தன.
இறங்கிப் போய் எண்ணினேன்.